மாதாவும் இறங்கட்டும்

அன்றைக்கு ஜஸ்டினா அக்கா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும் வருமாறு. மேற்குச் சுவரில் மாதா சுரூபம் வைத்த மாடத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், ஜஸ்டினா அக்கா. அவருக்கு வலப்புறம் பாயில் ரோசாரியும் பாசிக்குப் போகிற மற்றப் பெண்களும். மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எமரன்சியா. அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னலோரம் நான். அடுக்களை நிலைப்படியில், எங்களுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைச் சேலையில் சூசானம்மாள் சித்தி. வாசற்படிக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில், சித்தியின் மருமகள் அமுதவள்ளி. தெருவில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, அமுதவள்ளியின் அண்ணன் முனியசாமி.

எங்கள் தெரு வீடுகளைச் சேர்த்து ஒரு அன்பியம், பங்குக் கோயிலின் சிறு செபக் குழு. அதன் செயலாளர் என்ற முறையில் செபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரை எழுதுவது என் வேலை. உட்கார்ந்த இடத்தையும் எழுதும்படி யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு நானாகத்தான் எழுதினேன். போன மாதம் வரை அமுதவள்ளியின் இடம் ஜஸ்டினா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தது. செபமாலையைத் தொடங்கிவைக்கிறவள் அவள். கடலிலும் அவள்தான் முதலில் இறங்குவாள்.

எங்கள் பெண்கள் ஹமீது பாயின் வள்ளத்தில், கடலுக்குள் முங்கிக் கிடக்கிற பாறைத் திட்டான பார் வரைக்கும் போவார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். முங்கி முங்கி எனக்கு ஒரு காது போய்விட்டது. இப்போது வள்ளத்தில் உட்கார்ந்து பைகளை வாங்கிப் போடுகிறேன். வள்ளத்தின் முன்தலைக்கு அணியம் என்று பெயர். அங்கே கப்பலேந்தி மாதா படம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம். மாதாவுக்கு ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கப்பல். படத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், பார் வந்ததும் குனிந்து உள்ளங்கையால் தண்ணீரில் சிலுவை போட்டு, தான் முதலில் இறங்க வேண்டும். சிலுவை போடாத தண்ணீரில் மற்றவர்கள் கால் வைக்க மாட்டார்கள்.

அந்த இடம் அமுதவள்ளிக்கு வந்தது எங்களுக்கே ஆச்சரியம்தான். அவள் கடல் பார்க்காத ஊர்க்காரி. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் வயல் வேலைக்குப் போய்ப் பிழைக்கிற இந்துக் குடும்பம். கண்மாயில் முங்கிப் பழகிய மூச்சு அவளுடையது. எங்களில் ஒருத்திக்கும் அந்த மூச்சு கிடையாது. என் சித்தப்பா மகன் ரெமிஜியுஸைக் கட்டுவதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றாள். பங்குப் பதிவேட்டில் மரிய அமுதம் என்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

போன மாதம் திடீரென்று எழும்பிய காற்றில் ரெமியின் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ரெமியைக் கடல் புதுமடத்துக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், இந்தக் கூட்டம்.

ரோசாரி செபமாலையைத் தொடங்கி, மூன்றாம் தேவரகசியத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வாசலில் இருந்து அமுதவள்ளி, "நாலாவது, ரோசாரி" என்றாள். கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாலாவதற்குப் போனார்கள்.

செபம் முடிந்ததும் ஜஸ்டினா அக்கா மாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாளன்னைக்குத் தண்ணி தெளிஞ்சிரும். பாசிக்கு எறங்குறோம். அதுக்கு முன்ன ஒரு விசயத்தப் பேசி முடிச்சிருவோம். அமுதா, கோவிச்சுக்கிறாத. வருசம் திரும்புற வரைக்கும் நீ வள்ளத்துல ஏற வேணாம்."

"ஏன்க்கா?"

"ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? தாலி அறுத்தவ வருசத்துக்குள்ள கடல்ல கால் வச்சதில்ல. எங்க அம்மா வைக்கல. இந்தா இருக்காகளே ஒன் மாமியா, அவுக வருசம் கழிஞ்சும் வைக்கல."

நிலைப்படியில் அந்த வெள்ளைச் சேலை முதுகு அசையவில்லை. ரெமி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சித்தப்பா போய்விட்டார். சித்தி வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும், ராத்திரியெல்லாம் கேட்கும். அன்றிலிருந்து அவர் அந்த மணலில் இறங்கினதில்லை.

"பூசையில சாமியார் என்ன சொன்னாரு? இது வேதத்துல இல்லாத வழக்கம்னு சொன்னாரா இல்லையா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அமுதவள்ளி.

"சொல்லுவாரு. அவரா வந்து பாருல முங்குறாரு? போன வருசம் இந்தா இவ காலக் கிழிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப சாமியாரா தூக்கிட்டு வந்தாரு?"

ரோசாரி தன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். எமரன்சியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜஸ்டினா அக்கா சிரிக்கவில்லை. குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்:

"எம் மூத்தவன் அன்னைக்கு ரெமி கூடத்தான் போனான். நீந்தி வந்துட்டான். வந்ததுல இருந்து அலைச் சத்தம் கேட்டா கதவச் சாத்துறான். சோறு எறங்கல. எனக்குப் பயமா இருக்குடி. ஒம்மேல எனக்கு என்ன கோவம்? பயம்தான், வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கும்தான்க்கா பயம்" என்றாள் அமுதவள்ளி. "பயந்தவுக எல்லாரும் சேந்து ஒருத்திய வெளிய ஒக்கார வச்சா பயம் போயிருமா?"

ஜஸ்டினா அக்கா என் பக்கம் திரும்பினார். "பெர்னா, பங்குச்சாமியாருக்கு ஒரு லெட்டர் எழுது. பொம்பளைக எல்லாம் கூடி எடுத்த முடிவுன்னு எழுது. அவரே வந்து இவளுக்குப் புத்தி சொல்லட்டும்."

நான் தாளை எடுத்தேன். தேதி போட்டேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். மண்டபத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், பொருள் எழுதாமல் கடிதம் எழுதினால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

"பொருள் என்னன்னு போட?" என்று கேட்டேன்.

"பொருளா?"

"லெட்டருக்குப் பொருள் வேணும்க்கா. ரெமிஜியுஸ் மனைவியை மாதா படம் கட்டிய வள்ளத்தில் ஏற்றாமை குறித்து. அப்படிப் போடவா?"

ரோசாரி மேலே மாடத்து மாதாவைப் பார்த்தாள். தெருவிலிருந்து முனியசாமிதான் குரல் கொடுத்தான்.

"போடுங்கக்கா, அப்படியே போடுங்க! கேட்டுக்கிட்டியா ஆத்தா? இதுக்கு மேல இங்கன என்ன இருக்கு ஒனக்கு? எந்திரி, கெளம்பு." வாசல் வரைக்கும் வந்தான், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "அய்யா ஒரே வார்த்தைதான் கேக்கச் சொன்னாரு. சாமி கைவிட்ட எடத்துல எம் மகளுக்கு என்ன வேலைன்னு கேக்கச் சொன்னாரு. கண்மாய் நெறஞ்சு கெடக்கு. களையெடுக்க ஆளு கெடைக்கல. நம்ம ஊருல ஒன்னய யாரும் செருப்புக்குப் பக்கத்துல ஒக்கார வைக்க மாட்டாக."

அது எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. எமரன்சியா பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சாமி கைவிட்டுச்சுன்னு நான் சொன்னனாண்ணே?"

"நீ சொல்லணுமா? மச்சான் எங்க?"

அமுதவள்ளி எழுந்து நின்றாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கூடத்துக்கும் சேர்த்துத்தான் பேசினாள்.

"காப்பாத்துன்னு கேட்டேன். காப்பாத்தல. கரையில நின்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன், காப்பாத்தல. அவுகள அடக்கம் பண்ணுன அன்னைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போயி, பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால நின்னு வாய்க்கு வந்தபடி வஞ்சேன். பெர்னா மதினி கூட இருந்தாக, கேளு."

இருந்தேன். அவள் சொன்ன வார்த்தைகளைக் கூட்டக் குறிப்பில் எழுத முடியாது.

"வஞ்சு வஞ்சு வார்த்தை தீந்துபோச்சு. நிமிந்து பாத்தா அங்கன தொங்குறதும் ஒரு பொணந்தான். அடிச்சு, குத்தி, பெத்தவ பாக்கப் பாக்கச் சாகடிச்சாக. சரி, இவருக்குத் தெரியும்யா நம்ம படுறது, இவருகிட்ட வெளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு தோணுச்சு. அங்கனயே தரையில படுத்தேன். அவுக போனதுக்குப் பெறகு அன்னைக்குத்தாண்ணே நான் தூங்குனேன். எந்திரிச்சா பசிச்சுச்சு. செத்துப்போவோம்னு நெனச்சுக்கிட்டுப் போனவளுக்குப் பசிச்சுச்சு! என்னய எந்திரிக்க வச்ச சாமியப் பாத்து கைவிட்ட சாமிங்கிற."

முனியசாமி கெட்டவன் இல்லை. தங்கச்சியை நினைத்து வெந்துபோய் வந்தவன்.

"சரி ஆத்தா. சோத்துக்கு? வள்ளத்துலதான் ஏத்த மாட்டேங்குறாகளே."

"ஏறுவேன்."

"எப்பிடி ஏறுவ?" என்றார் ஜஸ்டினா அக்கா, நாற்காலியில் நிமிர்ந்து.

"காலத் தூக்கி வச்சுத்தான்."

இந்தத் தடவை எமரன்சியா வாய்விட்டே சிரித்துவிட்டாள். பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. கூட்டம் அதோடு கலைந்தது.

முனியசாமி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "வார ஞாயித்துக்கெழம அய்யாவக் கூட்டிக்கிட்டு வண்டி பிடிச்சு வாரேன். வள்ளத்துல எடம் இருந்தா இரு. இல்லேன்னா சாமானக் கட்டி வையி. அதுக்குள்ள அய்யாவுக்கு எதாச்சும் சொல்லணும்னா எழுதிப் போடு. போன்ல பேசாத. நீ அழுவ, அவரு அழுவாரு, ஒண்ணும் வெளங்காது." அமுதவள்ளி கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். அவ்வளவு கோபத்திலும் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. ஹமீது பாய் வள்ளத்தை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அமுதவள்ளி வந்தாள். வெள்ளையில் வரவில்லை. பச்சைச் சேலைக்கு மேல் ரெமியின் கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் கண்ணாடி, கையில் தகரத் தட்டு. கடலுக்குப் போகிற யாரும் வருகிற மாதிரி வந்தாள்.

ஜஸ்டினா அக்கா தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் விளிம்பைக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன்ல. ஏறாத."

"கேட்டேன்க்கா. ஏறல."

அமுதவள்ளி அவரைத் தாண்டி நடந்து அணியத்துக்குப் போனாள். மாதா படத்தைக் கட்டியிருந்த கயிறு உப்பேறி இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஏய், படத்த ஏண்டி அவுக்குற?" என்று ரோசாரி கத்தினாள்.

"எறக்குறேன்."

"மாதாவயா?"

"தாலி அறுத்தவ வள்ளத்துல இருக்கக்கூடாதுல்ல? அதான் எறக்குறேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "பாவம்டி" என்றார் ஜஸ்டினா அக்கா. "மாதாவப் போயி அப்பிடிச் சொல்ற."

"நான் இல்லாததச் சொல்றனா? கானாவூர்க் கல்யாணத்துக்கு மாதா போனாக, அவுக புருசன் சூசையப்பர் போனாரா? மகனக் கொன்ன கல்வாரிக்கு வந்தாரா? அந்த மகன் சிலுவையில தொங்கிக்கிட்டு, எங்க அம்மாவ ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சீடர் அருளப்பர்கிட்ட ஏன் ஒப்படைச்சாரு? வீட்டுல ஆம்பள இருந்தா ஒப்படைப்பாரா?" கயிறு விட்டது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். "புருசனையும் பறிகுடுத்து, பெத்த பிள்ளையையும் பறிகுடுத்தவ. ஒங்க கணக்குக்கு என்னய விடப் பெரிய தரித்திரம் இவதான். இத்தன வருசமா இவளத்தான முன்னால கட்டிக்கிட்டுப் போனீக? ஒண்ணும் ஆகாமத்தான வந்தீக? மாதாவும் எறங்கட்டும். நாங்க ரெண்டு பேரும் கரையில ஒக்காந்திருக்கோம். நீங்க போயிட்டு வாங்க."

தண்ணீரை விட்டு வெளியே வந்து ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டாள், மாதா முகம் வள்ளத்தைப் பார்க்கிற மாதிரி.

யாரும் வள்ளத்தில் ஏறவில்லை. யாரும் ஏற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஜஸ்டினா அக்காவுக்கும் தெரியும். அந்தப் படம் இல்லாத வள்ளத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பாருக்குப் போனதில்லை. அணியத்தில் வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

ஹமீது பாய் எஞ்சினை அமர்த்தினார். "எனக்கென்னம்மா, ஏறுறவுக ஏறுங்க. ஆனா ஒங்க மாதா, மரியம் அலைஹஸ்ஸலாம், எங்களுக்கும் வேணும். அவுகளக் கரையில விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எம் பொஞ்சாதி வீட்டுக்குள்ள விட மாட்டா. சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க, தண்ணி கலங்குறதுக்குள்ள."

சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மேலே வீட்டு வாசலிலிருந்து சூசானம்மாள் சித்தியின் சத்தம் கேட்டது. "என்னடி அங்கன? மாதாவ மண்ணுல வச்சிருக்கீக?" சித்தி திட்டிக்கொண்டே வந்தார். திட்டிக்கொண்டே மணலில் இறங்கினார். "கண்ணாடிக்குள்ள தண்ணி எறங்குது பாரு. மூஞ்சி ஊறிப்போகும். ஒரு படத்தக் கட்டத் தெரியல, கடலுக்குப் போறாளுகளாம் கடலுக்கு. குடுடி இங்க!" அமுதவள்ளி மடியிலிருந்து படத்தைப் பிடுங்கி, தன் வெள்ளைச் சேலை முந்தியால் மாதா முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அத்தே" என்றாள் எமரன்சியா மெதுவாக. "கால்ல தண்ணி."

சித்தி குனிந்து பார்த்தார். ஓர் அலை வந்து அவர் கணுக்காலைச் சுற்றி நுரைத்துவிட்டுப் போனது. அடுத்ததும் வந்தது. அவர் நகரவில்லை. படத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எங்களில் சிலருக்கு அவரைக் கடலுக்குப் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

பிறகு ஜஸ்டினா அக்காவைப் பார்த்தார். "ஏத்துடி அவள. மூலையில நான் ஒக்காந்தது போதும். நான் ஒக்காந்து யார் உசிரு தங்குச்சு? எம் மகன் தங்குனானா?"

ஜஸ்டினா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஏறு அமுதா. ஆனா நடுவுல ஒக்காரு. அணியம் வேணாம்."

"அணியம்" என்றாள் அமுதவள்ளி.

"பிடிவாதம் பிடிக்காதடி."

"நடுவுல ஒக்காரவாக்கா மாதாவ எறக்குனேன்?"

ஜஸ்டினா அக்கா வள்ளத்து விளிம்பிலிருந்து கைகளை எடுத்தார்.

கயிறு அறுந்து போயிருந்ததால் படத்தைக் கட்ட முடியவில்லை. அமுதவள்ளி அதை மடியில் வைத்துக்கொண்டு அணியத்தில் உட்கார்ந்தாள். கரையில் சித்தி கால் நனைய நின்று, வள்ளம் திரும்பும் வரைக்கும் எதையோ திட்டிக்கொண்டே இருந்தார். எஞ்சின் சத்தத்தில் என் நல்ல காதுக்கும் கேட்கவில்லை.

பார் வந்தது. அமுதவள்ளி படத்தை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். குனியப் போனவளை ஜஸ்டினா அக்கா தோளைத் தொட்டு நிறுத்தினார். "இரு. எம் மகன் பேரயும் சேத்துச் சொல்லு."

"அவன் பேரு இல்லாம இந்த ஒரு மாசத்துல ஒரு நாளும் செபம் சொல்லலக்கா நான்."

உள்ளங்கையால் தண்ணீரில் சிலுவை போட்டாள். ரெமியைத் தூக்கிக்கொண்டு போன தண்ணீர். சிலுவை போட்டு முடித்து, வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். முரட்டு மாட்டின் முதுகில் தட்டுகிற மாதிரி அந்தத் தண்ணீரை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "இந்தா. ஒழுங்கா இரு" என்றாள். இறங்கிவிட்டாள்.

நான் படத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். கண்மாய் மூச்சு நீளம் என்று தெரிந்தும் நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி அவள் தலை மேலே வந்தது. ஒரு கை பாசியைத் தூக்கிக் காட்டி, "என்ன வேடிக்க பாக்குறீக? எறங்குங்க" என்றாள்.

இறங்கினார்கள். அன்றைக்குப் பாசி வழக்கம்போலத்தான் கிடைத்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரோசாரி விரலைக் கிழித்துக்கொண்டாள். அவள் எப்போதும் எதையாவது கிழித்துக்கொள்கிறவள் என்பதால் யாரும் யாரையும் காரணம் சொல்லவில்லை.

கரை வந்து, பாசியை உலரப் போட்டுவிட்டு, அமுதவள்ளி நேரே என் வீட்டுக்கு வந்தாள். தலை இன்னும் காயவில்லை. "மதினி, அய்யாவுக்கு ஒரு கடுதாசி எழுதணும். ஞாயித்துக்கெழமைக்கு முந்திப் போய்ச் சேரணும். கடுதாசில அழுகை கேக்காது."

நான் தாளை மடித்து ஓரம் விட்டேன். "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிப்போம்."

"நலமில்லன்னு எழுதுங்க. அய்யாகிட்ட எதுக்குப் பொய்?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடை என்னுடையது, சொன்னது அவள்.

"அன்புள்ள அய்யாவுக்கு, மகள் அமுதவள்ளி எழுதுவது. நான் சுகமாக இல்லை. ஆனால் எழுந்து நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன், இன்றைக்கு வேலைக்கும் போய் வந்தேன். சாமி கைவிட்ட இடத்தில் என்ன வேலை என்று அண்ணனிடம் கேட்டு அனுப்பினீர்கள். சாமி என் புருஷனைக் காப்பாற்றவில்லை. அதற்கு நானும் அவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கைவிட்டவரிடம் சண்டை போட முடியாது அய்யா. பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் போட முடியும். கண்மாய் மடையைத் திறக்க நீங்கள் முங்கும்போது, மூச்சு முட்டினாலும் பிடியை விடமாட்டீர்கள். நானும் விடவில்லை. என்னை வள்ளத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஏறிவிட்டேன். முன்னால் உட்கார்ந்துதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வாருங்கள். சாமான் கட்டி வைக்க மாட்டேன். குழம்பு வைத்திருப்பேன். திங்கட்கிழமை வரைக்கும் இருந்து, நான் கடலுக்குப் போவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்."

அவள் வாங்கிப் படித்தாள். நிதானமாக, உதடு அசைய. "சண்டை போடுறோம்னு எழுதுனது சரியா இருக்கு" என்றாள். கீழே மரிய அமுதம் என்கிற அமுதவள்ளி என்று கையெழுத்துப் போட்டாள்.

ஜஸ்டினா அக்கா வாசலில் வந்து நின்றார். "பெர்னா, அந்தச் சாமியார் லெட்டரு என்ன ஆச்சு?"

"பெறுநர் வரைக்கும் எழுதிக் கெடக்கு. பொருள் நீங்க சொல்லல."

"இப்ப எழுது. மாதா படம் நனைஞ்சுபோச்சு, வேற படம் மந்திரிச்சுத் தரணும். நல்ல கண்ணாடி போட்டு." படியிறங்கப் போனவர் திரும்பினார். "கயிறும் வேணும். பல்லுக்கு அறுபடாத கயிறாப் பாத்து."

"அறுப்பேன்" என்றாள் அமுதவள்ளி, தலை நிமிராமல்.

அமுதவள்ளியின் அய்யாவுக்குப் போகிற உறையில் முகவரி எழுதினேன்: பெறுநர், கூத்தையா அவர்கள். தெரு, ஊர், ஆர்.எஸ்.மங்கலம் வழி, மாவட்டம், பின்கோடு எல்லாம் சரிபார்த்தேன். பசைப் புட்டி காய்ந்து போயிருந்தது. அமுதவள்ளி அடுக்களைக்குள் போய்ப் பானையிலிருந்து கொஞ்சம் சோற்றுப் பருக்கைகளை எடுத்து வந்து, உறையின் மடிப்பில் வைத்துப் பாறை கிழித்த விரலால் தேய்த்தாள். மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

ஹமீது பாய் டீசல் வாங்கப் பாம்பனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "தபால் கட்டு எடுக்கிறதுக்கு முந்திப் போட்டுருங்க பாய்" என்று உறையை நீட்டினேன். வாங்கி, மடங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.